ஹைபரி: மனை வணிகர் தொடங்கி, குடியிருப்பாக முடிந்த மைதானம்

ஒரு கால்பந்துக் கழகம் தன் பழைய மைதானத்தை விட்டு வெளியேறினால் இங்கிலாந்தில் அந்த இடத்துக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். புல்டோசர் வரும். சண்டர்லாண்டின் ரோக்கர் பார்க்கும் மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடும் வீடுகளாகிவிட்டன. பிரைட்டனின் கோல்ட்ஸ்டோன் மைதானம் 1997இல் கைவிட்டுப் போய்க் கடைகளாயிற்று. வடக்கு லண்டனில் ஆர்சனல் கழகம் 1913 முதல் 2006 வரை ஆடிய ஹைபரியும் குடியிருப்பாகத்தான் ஆனது. ஆனால் அங்கே போய்ப் பார்ப்பவருக்குத் தெருவிலிருந்து தெரிவது பழைய ஸ்டாண்டின் முகப்பேதான். கழகத்தின் சின்னம்கூடச் சுவரில் அப்படியே இருக்கிறது. உள்ளே மக்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள்.

புதுச்சேரியில் இருப்பவருக்கு இந்தக் கதையில் ஆர்வம் வர இரண்டு காரணம் உண்டு. ஆர்சென் வெங்கர் மேலாளராக இருந்த காலத்து ஆர்சனல் பாதிக்குமேல் பிரெஞ்சுப் பேச்சு கேட்கும் அணி: தியெரி ஆன்ரி, பத்ரிக் வியெரா, ரொபேர் பிரெஸ். 98 உலகக் கோப்பையைப் பிரான்ஸ் வென்றபோது கொண்டாடிய ஊருக்கு அந்த அணி அந்நியமில்லை. இன்னொரு காரணம், முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்றைக் கட்டும் வித்தை நமக்குத் தினம் கண்ணில் படுகிற விஷயம். ஒயிட் டவுனில் பாதித் தெரு அப்படித்தான் ஓட்டலாக மாறியிருக்கிறது.

இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது ஒரு முரணை. ஹைபரியை விட்டு ஆர்சனலை வெளியே தள்ளியதில் பெரும்பங்கு ஒரு மரபுக் கட்டடப் பாதுகாப்பு ஆணைக்கு உண்டு. அந்த மைதானத்தின் சுவரைக் காப்பாற்றியதும் அதே ஆணைதான்.

இடம் பிடித்த விதம்

ஆர்சனல் வடக்கு லண்டன் கழகமே இல்லை. 1886இல் தேம்ஸ் நதிக்குத் தெற்கே வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. பிளம்ஸ்டெட்டில் மேனர் கிரவுண்ட் என்ற மைதானம் அவர்களுடையது. நகரின் ஒரு மூலை, போக்குவரத்து சரியில்லை, கூட்டம் வரவில்லை, கையில் காசும் இல்லை. 1910இல் ஹென்றி நோரிஸ் என்பவர் கழகத்தைக் கையில் எடுத்தார். அவர் லண்டனின் ஃபுலம் பகுதியில் தெருத்தெருவாக வீடு கட்டி விற்ற மனை வணிகர். ஃபுலம் கழகத்தின் தலைவரும்கூட. முதலில் இரண்டு கழகங்களையும் ஒன்றாக இணைக்கப் பார்த்தார். கால்பந்து லீக் அனுமதி தரவில்லை. 1912-13 பருவத்தில் அணி மூன்றே ஆட்டம் வென்று, கடைசி இடம் பிடித்து, இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

சரி, ஆள் வராத இடத்தில் அணி வைத்துப் பயனில்லை என்று நோரிஸ் முடிவு செய்தார். அவர் தேடியது ரயில் நிலையத்தை ஒட்டிய காலி நிலம். ஹைபரியில் செயின்ட் ஜான்ஸ் என்ற இறையியல் கல்லூரிக்கு விளையாட்டு மைதானம் இருந்தது. பக்கத்திலேயே 1906இல் திறந்த கில்லெஸ்பி ரோடு நிலத்தடி ரயில் நிலையம். 21 ஆண்டுக் குத்தகை, தொகை 20,000 பவுண்டு. கல்லூரி தரப்பு விதித்த நிபந்தனைகள் சுவாரசியமானவை: புனித வெள்ளியிலும் கிறிஸ்துமஸிலும் ஆட்டம் கூடாது, மது விற்கக் கூடாது.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. பக்கத்துக் கழகமான டாட்டன்ஹாம், இன்னொரு பக்கத்துக் கழகமான கிளாப்டன் ஓரியண்ட், அக்கம்பக்கக் குடியிருப்பாளர்கள் எல்லோரும் கூடாது என்றார்கள். டாட்டன்ஹாமுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அவர்கள் கூட்டத்தைப் பங்குபோட ஒருவர் நதி தாண்டி வருகிறார். இன்றைய வடக்கு லண்டன் பகைக்கு விதை அங்கே விழுந்தது. 1919இல் லீக் விரிவானபோது, இரண்டாம் பிரிவில் ஐந்தாவதாக முடித்திருந்த ஆர்சனல் வாக்கெடுப்பில் முதல் பிரிவுக்கு ஏற, டாட்டன்ஹாம் இறங்கியதும் அந்தப் பகையில் எண்ணெய் ஊற்றியது.

மைதானத்தை வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீட்ச், அந்தக் காலத்தில் பிரிட்டனின் பாதி மைதானங்களுக்குக் கைவைத்த ஸ்காட்லாந்துப் பொறியாளர். கிழக்கே ஒரு ஸ்டாண்ட், மற்ற மூன்று பக்கமும் மண் மேடு. வேலை முடியாமலே 1913 செப்டம்பர் 6 அன்று முதல் ஆட்டம் நடந்தது. லெஸ்டர் ஃபாஸ் அணியை 2-1 என்று வென்றார்கள். கழகத்துக்காக அங்கே முதல் கோல் போட்ட ஜார்ஜ் ஜோபி காயம்பட்டுப் பால்காரரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டார். மருத்துவ வசதி எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அதுவே போதும்.

மண் மேட்டை உயர்த்துவதற்காக அக்கம்பக்கத்தாரைக் குப்பை கொண்டுவந்து கொட்டச் சொன்னார்கள், அப்போது ஒரு நிலக்கரி வியாபாரியின் குதிரை வண்டியோடு குழிக்குள் விழுந்து, மீட்க முடியாமல் அங்கேயே புதைக்கப்பட்டது என்று ரசிகர்களிடம் ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் பழைய மைதானங்களுக்கு இப்படி ஒரு குதிரையாவது வேண்டும்.

1925இல் 64,000 பவுண்டு கொடுத்து நிலத்தையே கழகம் வாங்கியது. நிபந்தனைகள் போயின. இந்த வரியை நினைவில் வையுங்கள். எண்பது ஆண்டு கழித்துக் கழகத்தைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது இந்தப் பத்திரம்தான்.

சாப்மன் கட்டிய மேடை

அதே 1925இல் மேலாளராக வந்தவர் ஹெர்பர்ட் சாப்மன். 1931 முதல் 1938 வரை ஐந்து லீக் பட்டங்கள் வந்தன. கடைசி மூன்றும் வந்தபோது அவர் உயிரோடில்லை. 1934 ஜனவரியில் நிமோனியாவில் இறந்துவிட்டார். ஆனால் மைதானத்தில் அவர் விட்டுச் சென்றது பட்டங்களைவிட நீண்ட நாள் நின்றது.

கில்லெஸ்பி ரோடு நிலையத்தின் பெயரை ‘ஆர்சனல்’ என்று மாற்றச் சொல்லி ரயில் நிர்வாகத்தை நச்சரித்தார். 1932இல் மாற்றினார்கள். பயணச்சீட்டு, வரைபடம், அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்த வேலை அது. லண்டன் நிலத்தடி ரயிலில் ஒரு கால்பந்துக் கழகத்தின் பெயரை நேரடியாகத் தாங்கும் நிலையம் இது ஒன்றுதான். காசு செலவில்லாமல் கிடைத்த விளம்பரம்; இன்றைக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் கிடைக்குமா தெரியாது.

மைதானத்தில் 45 நிமிடம் காட்டும் பெரிய கடிகாரம் ஒன்றை வைத்தார். நடுவரின் அதிகாரத்துக்கு இடைஞ்சல் என்று கால்பந்துச் சங்கம் ஆட்சேபிக்க, சாதாரணக் கடிகாரமாக மாற்றினார்கள். பிற்பாடு அது தெற்குப் பக்கம் போக, அந்தப் பக்கத்துக்கே ‘கிளாக் எண்ட்’ என்று பெயர் வந்தது. மின்விளக்கில் இரவு ஆட்டம் வைக்கவும் அவர் ஆசைப்பட்டார், அதிகாரிகள் விடவில்லை. ஹைபரியில் விளக்கொளி ஆட்டம் 1951 செப்டம்பரில்தான் நடந்தது, ஹாப்போயெல் டெல் அவிவ் அணியோடு.

அப்புறம் ஸ்டாண்டுகள். மேற்கு ஸ்டாண்ட் 1932 டிசம்பரில், வேல்ஸ் இளவரசர் கையால் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் கிளாட் வாட்டர்லோ ஃபெரியர். அதே பாணியில் கிழக்கு ஸ்டாண்ட் 1936இல் எழுந்தது. வடிவமைத்தவர் வில்லியம் பின்னி, செலவு 1,30,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை. காரணம் அந்த முகப்பு. ஏவனெல் ரோடு என்ற சாதாரணக் குடியிருப்புத் தெருவில், எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்தால், சினிமா அரண்மனை போல வெள்ளையாக ஆர்ட் டெக்கோ கட்டடம் நிற்கும். உள்ளே நுழைந்தால் பளிங்குக் கூடம், அதில் ஜேக்கப் எப்ஸ்டீன் செய்த சாப்மனின் வெண்கலத் தலை.

1935 மார்ச் 9 அன்று சண்டர்லாண்டோடு நடந்த ஆட்டத்துக்கு 73,295 பேர் வந்தார்கள். ஆட்டம் 0-0. ஹைபரியின் உச்சக் கூட்டம் அதுதான். இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

ஆர்சனல் ஆட்டங்கள் தாண்டியும் இந்த மைதானத்துக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. 1927 ஜனவரி 22 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டோடு நடந்த ஆட்டத்தை பிபிசி வானொலியில் நேரடி வர்ணனையாகக் கொடுத்தது. இங்கிலாந்துக் கால்பந்தில் அது முதல் முறை. பந்து எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்குப் புரிய, மைதானத்தை எண் போட்ட கட்டங்களாகப் பிரித்த படம் வானொலி இதழில் அச்சாகியிருந்தது. 1934இல் உலகச் சாம்பியன் இத்தாலியை இங்கிலாந்து 3-2 என்று வென்ற முரட்டு ஆட்டம் இங்கேதான். இங்கிலாந்தின் பதினொருவரில் ஏழு பேர் ஆர்சனல்காரர்கள். 1958 பிப்ரவரி 1 அன்று மான்செஸ்டர் யுனைடெட் இங்கே 5-4 என்று வென்றது. ஐந்து நாள் கழித்து மியூனிக்கில் அவர்கள் விமானம் விழுந்தது. 1966இல் முகமது அலி ஹென்றி கூப்பரைக் குத்துச்சண்டையில் தோற்கடித்ததும் ஹைபரிப் புல்லின் மேல் போட்ட மேடையில்.

1948 லண்டன் ஒலிம்பிக்கின் கால்பந்து ஆட்டங்களும் இங்கே நடந்தன. அந்த ஒலிம்பிக்கில்தான் சுதந்திர இந்தியா, நகரின் இன்னொரு மூலையில் இல்ஃபர்டில், பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. புதுச்சேரி அப்போது பிரான்சின் கையில். நம்ம ஊர்க்காரர் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால் யாருக்குக் கைதட்டியிருப்பார் என்பது நல்ல கேள்வி.

சுருங்கத் தொடங்கியது

1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கினார்கள். இறந்தவர்கள் இறுதிக் கணக்கில் 97 பேர். நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. மேல்பிரிவு மைதானங்களில் நின்று பார்ப்பது இனி இல்லை, எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று ஆயிற்று.

அந்த விதி தேவையானது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஹைபரியின் கணக்கை அது தலைகீழாக்கியது. வடக்குப் பக்கத்து ‘நார்த் பேங்க்’ என்ற நின்று பார்க்கும் மேடை, சத்தமும் பாட்டும் பிறக்கும் இடம், 1992 மே மாதம் சவுத்தாம்ப்டனோடு 5-1 வெற்றியோடு விடைபெற்றது. புது ஸ்டாண்ட் கட்டும் வரை கோலுக்குப் பின்னால் ரசிகர் கூட்டத்தை வரைந்த பிரம்மாண்டமான திரையைத் தொங்கவிட்டார்கள். முதலில் வரைந்ததில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை. அந்த அணியில் ஆடியவர்களையும் அந்த வட்டாரத்தில் வசித்தவர்களையும் பார்த்தால் இது எவ்வளவு பெரிய கண்மறைவு என்று புரியும். விமர்சனம் வந்த பின் திருத்தி வரைந்தார்கள்.

நான்கு பக்கமும் இருக்கை போட்டு முடித்தபோது கொள்ளளவு சுமார் 38,500. ஒரு காலத்தில் 73,295 பேர் நின்ற இடம். அதே பத்தாண்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்களுக்குக் கிடைக்கும் நுழைவுச்சீட்டுப் பணம் ஆர்சனலுக்குக் கனவு.

ஆடுகளமும் சின்னது. ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 67 மீட்டர் அகலம். சர்வதேச ஆட்டங்களுக்கு வழக்கமானது 105க்கு 68. ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில், அதை நடத்தும் யுஇஎஃப்ஏ கேட்கும் விளம்பரப் பலகைகளை வைத்தால் இருக்கைகள் இன்னும் குறையும். அதனால் 1998-99, 1999-2000 இரண்டு பருவமும் ஐரோப்பிய ஆட்டங்களை வெம்பிளியில் ஆடினார்கள். பண அளவில் வெற்றி: 1998 நவம்பரில் பிரெஞ்சு அணி லான்ஸோடு நடந்த ஆட்டத்துக்கு 73,707 பேர். ஆட்ட அளவில் அவமானம்: லான்ஸ் 1-0 என்று வென்றது. அங்கே ஆடிய ஆறு ஆட்டத்தில் வென்றது இரண்டுதான். இரண்டு பருவமும் முதல் குழுச் சுற்றோடு வெளியே. ஆனால் வரக் காத்திருக்கும் ஆட்கள் எத்தனை என்பதைக் கழகம் கண்ணால் பார்த்துவிட்டது.

ஆணை வந்த ஜூலை

ஹைபரியையே பெரிதாக்கியிருக்கலாமே? முயன்றார்கள். அதற்குப் பக்கத்தில் 25 வீடுகளை இடிக்க வேண்டும். தெருவே எதிர்த்தது. அதோடு 1997 ஜூலையில் கிழக்கு ஸ்டாண்டை இரண்டாம் தர மரபுக் கட்டடமாக அரசு பட்டியலிட்டது. அதற்குப் பிறகு அதை இடிப்பதோ உயர்த்துவதோ நினைத்தபடி நடக்காது. மூன்று பக்கம் வீடுகள், ஒரு பக்கம் தொட முடியாத கட்டடம். கழகம் வேறு இடம் தேடத் தொடங்கியது.

இங்கே ஒரு நிமிடம் நம்ம ஊருக்கு வரலாம். கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. மரபுக் கட்டடம் என்று எல்லோருக்கும் தெரியும், பழுது என்றும் தெரியும். அதைப் பயன்படுத்தி வருமானம் பார்த்து, அந்த வருமானத்தில் பராமரிக்கும் ஆள் இல்லை. பிறகு சுமார் 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்று அங்கே நிற்பது பிரதி. ஒயிட் டவுனிலும் தமிழர் பகுதியிலும் பிழைத்த பழைய வீடுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்குள் ஏதோ ஒரு வியாபாரமோ ஒரு குடும்பமோ இருக்கிறது. பட்டியலில் பெயர் இருப்பது இடிப்பவரைத்தான் தடுக்கும். கூரையில் இறங்கும் மழைத் தண்ணீரைத் தடுக்காது.

ஆர்சனலுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் கிடைத்தது. கிழக்கு ஸ்டாண்டை இடிக்க முடியாது, காலியாக விட்டுவைத்தால் வெறும் செலவு. ஆட்கள் குடியிருக்கும் கட்டடமாக மாற்றினால் சுவரும் நிற்கும், பணமும் வரும்.

புது இடம் கிடைத்தது சில நூறு மீட்டர் தள்ளி, ஆஷ்பர்டன் குரோவ் என்ற தொழிற்பேட்டையில். குப்பை கையாளும் நிலையம் இருந்த இடம். இஸ்லிங்டன் கவுன்சில் 2001 டிசம்பரில் திட்டத்தை ஒப்புக்கொண்டது. அங்கிருந்த சிறு தொழில்களை வெளியேற்றுவதில் வழக்குகள் வந்தன, நிதி கிடைக்காமல் வேலை தள்ளிப்போனது. மொத்தச் செலவு 390 மில்லியன் பவுண்டு, இருக்கைகள் 60,000க்கு மேல். பெயருக்கும் சட்டைக்கும் எமிரேட்ஸ் விமான நிறுவனம் 2004இல் 100 மில்லியன் கொடுத்தது. மீதிக் கடனின் ஒரு பகுதிக்குப் பின்னால் இருந்த நம்பிக்கை ஹைபரி நிலம்.

கடைசிப் பருவங்கள்

2003-04இல் ஆர்சனல் 38 லீக் ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்கவில்லை. கடைசி ஆட்டம் 2004 மே 15, ஹைபரியில், எதிரணி லெஸ்டர் சிட்டி, முடிவு 2-1. அதாவது 1913இல் மைதானம் திறந்தபோது வந்த லெஸ்டர் ஃபாஸ்தான் இந்த லெஸ்டர் சிட்டி. 1919இல் பெயர் மாறியது. ஸ்கோரும் அதே ஸ்கோர். யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒன்று. ஆன்ரி பெனால்டியிலும் வியெரா ஓடிவந்தும் போட்ட கோல்கள் அவை.

2005-06 முழுவதும் 1913இல் அணிந்த கருஞ்சிவப்புச் சாயலில் சட்டை போட்டு ஆடினார்கள். ஏப்ரல் 19 அன்று வில்லாரியலோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. கோலோ டூரே போட்ட ஒரே கோல். அன்று அதிகக் கைதட்டு வாங்கியது ஆடுகளத்துக்குள் ஓடிவந்த அணில் ஒன்று.

மே 7 அன்று கடைசி ஆட்டம், விகன் அணியோடு, 4-2. ஆன்ரிக்கு மூன்று கோல்; மூன்றாவது பெனால்டி, போட்டுவிட்டு மண்டியிட்டுப் புல்லை முத்தமிட்டார். அன்றே டாட்டன்ஹாம், வீரர்கள் பலர் வயிற்றுக் கோளாறில் தவிக்க, வெஸ்ட் ஹாமிடம் தோற்று நான்காம் இடத்தை ஆர்சனலிடம் விட்டது. 1913இல் தொடங்கிய சண்டைக்கு ஹைபரியின் கடைசி நாளில் இப்படி ஒரு காட்சி.

நினைவுப் பொருளாக இருக்கைகளை ரசிகர்களுக்கு விற்க நினைத்தார்கள். பிளாஸ்டிக்கில் காட்மியம் இருப்பது தெரிந்து அந்த யோசனை நின்றது.

711 வீடுகள்

மாற்றி வடிவமைத்தது ஆலீஸ் அண்ட் மாரிசன் நிறுவனம். வடக்கு, தெற்கு ஸ்டாண்டுகள் போய்விட்டன. கிழக்கு ஸ்டாண்டின் முகப்பும் பளிங்குக் கூடமும் சட்டப்படி நின்றன. இரண்டாம் தரப் பட்டியலில் இல்லாத மேற்கு ஸ்டாண்டின் முகப்பையும் வைத்துக்கொண்டார்கள். இரட்டையில் ஒன்றை உடைத்தால் மற்றது அர்த்தமற்றுப் போகும் என்பதால் நல்ல முடிவு. நான்கு பக்கமும் 711 வீடுகள், நடுவே ஆடுகளம் இருந்த இடத்தில் தோட்டம், அதற்கு அடியில் கார் நிறுத்தம். ஹைபரி ஸ்கொயர் என்று பெயர். 2009 செப்டம்பரில் வெங்கர் திறந்துவைத்தார்.

கட்டடக் கலைஞர்கள் இதை மெச்சுவார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் மைதானம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மதியம் 38,000 பேர் நடந்து வந்ததால்தான் அந்தத் தெருவில் அந்தச் சுவருக்கு அர்த்தம் இருந்தது. நுழைவுச்சீட்டு வாங்கினால் யாரும் உள்ளே போகலாம் என்ற இடம், இப்போது சாவி வைத்திருப்பவர் மட்டும் போகும் இடம். ரசிகன் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நோரிஸ் இருந்திருந்தால் இதில் தப்பு எதையும் பார்த்திருக்க மாட்டார். வீடு கட்டி விற்பது அவர் தொழில்.

பணக் கணக்கு கடைசி வரை கத்திமுனையில் நடந்தது. வீடு கட்டுவதற்குத் தனியாக வங்கிக் கடன் வாங்கியிருந்தார்கள். கட்டி முடிக்கும் நேரம் பார்த்து 2008 நிதி நெருக்கடி வந்து, முன்பணம் கொடுத்தவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். தாங்கினார்கள். 2009-10 கணக்கில் சொத்து விற்பனை மட்டும் 150 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. 2010இல் ஹைபரிக் கடன் தீர்ந்தது. புது மைதானத்துக்காக வெளியிட்ட பத்திரக் கடனுக்கு அப்படி வழி இல்லை. அதை ஆண்டுதோறும் நுழைவுச்சீட்டுப் பணத்திலிருந்து கட்டி வந்தார்கள். 2020இல் கோவிட் காலத்தில் மைதானம் காலியாகி அந்தப் பணம் நின்றபோது, மீதியை உரிமையாளர் நிறுவனம் அடைத்துத் தன் பெயரில் கடனாக மாற்றிக்கொண்டது.